சாறும் சான்றும்

ஹனோய் நகரத்தின் பழைய பகுதி. காலை மணி ஆறரை. 2023ஆம் ஆண்டின் டிசம்பர்க் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நாங்கள் மூவரும் ஒரு சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தோம். வரிசையின் தலைப்பில் ஒரு கடை. கடை என்பதைவிட, தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும் ஓர் அறை என்பதே பொருந்தும். வாசலிலேயே அடுப்பு. அதன்மேல் நம்மூர்க் கல்யாண வீட்டு அண்டாவை ஒத்த பெரும் பாத்திரம். அதிலிருந்து எழுந்த ஆவியில் அன்னாசிப்பூவும் பட்டையும் சுட்ட இஞ்சியும் கலந்து மணந்தன. கண்களை மூடிக்கொண்டால் செட்டிநாட்டுச் சமையற்கட்டு ஒன்றின் வாயிலில் நிற்பதாகவே நினைக்கத் தோன்றும்!

எங்கள் மூவரில் ஒருவர் வரலாற்றுத்துறை நண்பர். மற்றவர் பணி ஓய்வு பெற்ற மூத்த பேராசிரியர். எங்கள் இருவருக்கும் 'ஐயா'. மூன்றாமவர் இக்கட்டுரையாசிரியர். கருத்தரங்கு ஒன்றை முன்னிட்டு வந்த இடத்தில், விடுதியின் ரொட்டியையும் முட்டையையும் துறந்து, ஊரார் உண்பதை உண்பது என்று முடிவு செய்து கிளம்பியிருந்தோம்.

முறை வந்ததும் பணத்தைக் கொடுத்து, கிண்ணத்தை நாமே ஏந்திக்கொண்டு, முழங்கால் மார்பில் முட்டும் பிளாஸ்டிக் முக்காலியைத் தேடி அமர வேண்டும். பரிமாறுவோர் எவருமில்லை. கிண்ணத்தின் அடியில் பட்டையான வெண்ணிற அரிசி நூடுல்ஸ். அரிசிமாவைக் கரைத்து, துணியின்மேல் மெல்லிய தோசைபோல் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, மடித்து அரிந்தது அது. மேலே ஏடு ஏடாகச் சீவிய மாட்டிறைச்சி, வெங்காயத்தாள், கொத்தமல்லி. அதன்மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய எலும்புச் சாறு. தெளிந்த சாறு. கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவு.

ஐயா மாட்டிறைச்சி உண்பதில்லை. அவருக்காகப் பக்கத்துக் கடையிலிருந்து கோழி போட்ட கிண்ணம் ஒன்று வந்தது. (அக்கோழிக்கும் ஒரு வரலாறு உண்டு, பின்னர் வருகிறது.) முதல் வாய்ச் சாற்றை உறிஞ்சியதும் ஐயா கேட்டார்: "இவ்வளவு பக்குவம் ஒரு நாளில் வந்திருக்காதே, தம்பி. ஆயிரம் வருஷப் பழக்கமா?"

வரலாற்று நண்பர் சிரித்தார். "நூறு தாண்டியிருக்கும் ஐயா. நூற்று முப்பது என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேட்பேன்."

ஐயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எமக்கும் அந்த வியப்பு இன்றுவரை அடங்கவில்லை. வியட்நாம் என்றதும் உலகம் முழுவதும் நினைவுகூரும் உணவு, ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட உணவு, நம் பாரதியாரைவிட வயதில் இளையது!

நிற்க. முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 'ஃபோ' என்று இங்கு எழுதுகிறோம். எழுதுவது பிழையென்று தெரிந்தே எழுதுகிறோம். அந்த உயிரொலி ஓகாரமன்று. உதடு குவியாமல், நம் குற்றியலுகரத்துக்கும் அகரத்துக்கும் இடையில் எங்கோ பிறப்பது. போதாக்குறைக்கு, குரல் கீழே இறங்கி, கேள்வி கேட்பதுபோல் மீண்டும் எழ வேண்டும். உயிரையும் தொனியையும் சற்று மாற்றினால் அச்சொல் 'தெரு' என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். நாங்கள் மூவரும் அன்று காலை சில முறையேனும் 'ஒரு கிண்ணம் தெரு' கேட்டிருப்போம் என்பது உறுதி. கேட்டது கிடைத்தது என்பதே அந்நகரத்தாரின் பெருந்தன்மைக்குச் சான்று.

இச்சொல் எங்கிருந்து வந்தது? இரண்டு கட்சிகள் உள்ளன.

பிரெஞ்சுக்காரர்களின் 'பொத்தோஃபெ' என்ற எலும்பு-இறைச்சிக் கொதிசாற்றின் கடைசி அசைதான் 'ஃபோ' ஆயிற்று என்பது முதற்கட்சி. 'ஃபெ' என்றால் பிரெஞ்சில் நெருப்பு. ஒலி ஒத்துவருகிறது. சாற்றுக்கு நிறமும் மணமும் வர வெங்காயத்தைச் சுட்டுப் போடும் வழக்கம் இரண்டிலும் உண்டு என்று அக்கட்சியார் எடுத்துக்காட்டுவர். மறுகட்சியோ சீனத்தைக் காட்டுகிறது. கண்டோனிய மொழியில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் 'ஙாவ் யுக் ஃபன்'. (மொழிமுதலில் ஙகரத்தைக் கண்ட தமிழாசிரியனின் மகிழ்ச்சியை வாசகர்கள் பொறுத்தருள்க.) அதன் வியட்நாமிய உச்சரிப்பில் கடைசிச் சொல் 'ஃபன்' போன்றே ஒலிக்கும். செவ்வாற்றில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கிய காலத்தில், படகுத் தொழிலாளருக்கு இதைக் கூவி விற்ற சீன வணிகரின் கூவல் தேய்ந்து தேய்ந்து 'ஃபோ' என்று நின்றது என்பர்.

எந்தக் கட்சி சரி? ஊகங்களை ஒதுக்கிவிட்டுச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே முறை. அப்படிப் பார்க்கப் புகுந்தபோதுதான் எமக்கு இக்கட்டுரையை எழுதும் ஆசையே பிறந்தது. இவ்வுணவுக்குக் கல்வெட்டில்லை, செப்பேடில்லை, அரண்மனைக் குறிப்பில்லை. இருப்பவை எல்லாம் ஒரு படத்தொகுப்பு, ஒரு நாவல், ஓர் அகராதி, ஒரு கவிதை, சில கட்டுரைகள். அதாவது, நம் துறையைச் சார்ந்த சான்றுகள்!

முதற்சான்று ஒரு மௌனம். ஜார்ஜ் துமூத்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் வட வியட்நாம் மக்களின் வாழ்க்கையைப் பற்றி மிக விரிவாக எழுதியவர். 1907இல் வெளிவந்த அவருடைய நூலில் அம்மக்களின் உணவுகளைப் பற்றிய நீண்ட பகுதி உண்டு. அதில் ஃபோ இல்லை. 'சொல்லாமையால் இல்லை' என்று முடிவுகட்டுவது வரலாற்றில் ஆபத்தான வழி. சங்கப் பாடல்களில் இட்டிலி இல்லை என்று வாதிடுவோருக்கு நாமே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆயினும், தெருவெங்கும் கூவி விற்கப்படும் ஓர் உணவை அவ்வளவு நுணுக்கமான மனிதர் தவறவிட்டிருப்பாரா? அவர் குறிப்பெடுத்த காலத்தில் அது பரவலாகவில்லை என்று கொள்வதே எளிது. 19ஆம் நூற்றாண்டு ஏடொன்றில் இதையொத்த சொல் இருப்பதாகச் சொல்வோரும் உண்டு. இருக்கலாம். ஒலி ஒத்திருப்பதாலேயே உணவும் ஒன்றாகிவிடாது.

அடுத்தது படம். ஆன்ரி ஓழே என்ற இளம் பிரெஞ்சு அலுவலர் 1908, 1909ஆம் ஆண்டுகளில் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு ஹனோய் மக்களின் தொழில்களையும் கருவிகளையும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக வரையச் செய்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார். அவற்றுள் தோளில் காவடித்தண்டோடு, ஒரு பக்கம் அடுப்பும் பானையும் மறுபக்கம் கிண்ணங்களும் தொங்க நடக்கும் வணிகர் உண்டு. அவரை ஃபோ விற்பவர் என்றே அடையாளம் காண்போர் பலர்.

பிறகு ஒரு நினைவு. நுயென் கோங் ஹோவான் வியட்நாமின் புகழ்பெற்ற சிறுகதையாளர், 1903இல் பிறந்தவர். 1913இல் ஹனோயில் சிறுவனாக இருந்தபோது காவடியில் வந்த ஃபோவை உண்டதையும், கிண்ணம் இரண்டு காசு, மூன்று காசு, ஐந்து காசு என்று விற்றதையும் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பையனின் நாக்கு பொய் சொல்லாது. விலையை நினைவில் வைத்திருப்பதில் அவனை விஞ்சிய ஆவணக் காப்பகமும் கிடையாது.

நான்காவதாக வருவதுதான் எமக்கு மிகப் பிடித்த சான்று. 1920ஐ ஒட்டி ழான் மார்க்கே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நாவலொன்றில் ஹனோயின் தெருக்கூவல் ஒன்று வருகிறது. 'யோக் ஃபெ' என்று அவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். இங்கே சற்று நின்று கவனியுங்கள். கண்டோனியத்தின் 'யுக்' (இறைச்சி) இன்னும் முழுதாகத் தேயவில்லை. 'ஃபன்' தன் மெய்யீற்றை இழந்துவிட்டது. ஒரு சொல் வேறொரு சொல்லாக மாறும் தறுவாயில், தெருவில் நடந்துபோன நாவலாசிரியன் ஒருவன் அதைப் பிடித்து ஏட்டில் அடைத்துவிட்டான். 'பிரெஞ்சு ஃபெ' கட்சிக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேண்டுமா? 1930களின் தொடக்கத்தில் வந்த வியட்நாமிய அகராதியும் அச்சொல்லை 'ஃபன்' என்பதன் வழி வந்தது என்றே காட்டி, மாட்டிறைச்சியோடு சமைத்த அரிசிப் பலகார உணவு என்று பொருள் சொல்கிறது.

ஆக, சொல் சீனத்தது என்றே தோன்றுகிறது. அதனால் உணவும் சீனத்தது ஆகிவிடுமா? ஆகாது. இங்கே பிரெஞ்சுக் கட்சிக்கும் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். வட வியட்நாமில் மாடும் எருமையும் ஏருக்கு உரியவை. உழவன் மாட்டை எளிதில் வெட்டமாட்டான். நம் உழவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாட்டிறைச்சியை அன்றாட உணவாகக் கேட்டவர்கள் பிரெஞ்சு அலுவலரும் படைவீரரும். 1902இல் ஹனோய் இந்தோசீனத்தின் தலைநகராயிற்று. இறைச்சித் தேவை பெருகியது. நல்ல துண்டுகள் துரைமார் வீடுகளுக்குச் சென்றன. எஞ்சிய எலும்பும் சவ்வும் மலிந்து கிடந்தன. வட வியட்நாமியர் முன்னரே எருமைக் கறியை அரிசி நூடுல்சோடு சாறாக்கி உண்டுவந்தவர்கள். எருமை போய் மாடு வந்தது; நூல்போன்ற நூடுல்ஸ் போய்ப் பட்டை வந்தது; கரியடுப்பில் இரவெல்லாம் கொதித்த எலும்பு, விடியற்காலையில் தெருவுக்கு வந்தது. ஆண்டவன் இறைச்சியைத் தின்றான், ஆளப்பட்டவன் எலும்பிலிருந்து ஓர் இலக்கியத்தையே இறக்கிவிட்டான்.

ஹனோய்க்காரர் கேட்டால் சினம் கொள்ளும் செய்தி ஒன்றும் உண்டு. தென்கிழக்கே இருக்கும் நாம் டின் நகரத்தார், ஃபோ எங்கள் ஊர்ப் பிள்ளை என்பார்கள். பிரெஞ்சுக்காரர் அமைத்த பெரிய நெசவாலை இருந்த ஊர் அது. ஆலைத் தொழிலாளருக்குக் காவடியில் சாறு கொண்டுவந்து விற்றவர்களே முதல் ஃபோக்காரர்கள் என்பது அவர்கள் கட்சி. அருகிலுள்ள வான் கூ என்ற சிற்றூரிலிருந்து 'கோ' என்னும் குடிப்பெயருடைய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஹனோய் சென்று ஃபோக் கடை வைத்ததை எவரும் மறுப்பதில்லை. ஹனோயில் உள்ள பெயர்பெற்ற கடைகள் பலவற்றின் வேர் அவ்வூரில்தான். திருநெல்வேலி அல்வாவுக்கு வடநாட்டார் கைப்பக்குவம் காரணமென்று நெல்லையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், நிலைமை விளங்கும்.

1930களில் இலக்கியம் முழுமையாக உள்ளே நுழைகிறது. தூ மோ என்ற அங்கதக் கவிஞர், நிதித்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே பத்திரிகைகளில் கேலிப்பாடல்கள் எழுதியவர். 1934இல் அவர் ஃபோவின் பெருமையைப் பாடி ஒரு நெடும்பாடல் எழுதினார். அரசர்க்கும் தலைவர்க்கும் உரிய புகழ்ச்சிப்பா வடிவத்தை எடுத்து, அதில் தெருச்சாற்றை உட்காரவைத்தார். நம் மரபில் புகையிலைக்கு விடுதூது பாடிய புலவரின் குறும்புக்கு நெருங்கிய உறவு இது. செல்வனும் கூலியாளும் ஒரே சாற்றின் முன்னால் அமர்கிறார்கள் என்பதில்தான் அக்கவிஞருக்கு அவ்வளவு களிப்பு.

1939இல் மற்றொரு திருப்பம். திங்களும் வெள்ளியும் சந்தையில் மாட்டிறைச்சி கிடைக்காத நிலை ஏற்பட, அந்நாள்களில் கடையை மூட மனமில்லாதவர்கள் கோழியைப் போட்டுச் சாறு வைத்தார்கள். கோழி ஃபோ அப்படிப் பரவியதென்பர். 'இது ஃபோவே அன்று' என்று அன்று முகம் சுளித்த சுவைஞர்கள் பலர். எங்கள் ஐயாவின் கிண்ணம் அந்தத் திங்கள், வெள்ளிகளுக்குக் கடன்பட்டது.

தாக் லாம் என்ற உரைநடையாளர் ஹனோயின் முப்பத்தாறு தெருக்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1943இல் நூலாயின. அதற்கு முந்தைய ஆண்டே, முப்பத்தொரு வயதில், அவர் காசநோயால் இறந்துவிட்டார். அந்நூலில் ஃபோ, காலையும் நண்பகலும் இரவும் எல்லா வகை மனிதரும் உண்ணும் உணவாக வருகிறது. நூல் வெளிவந்து ஈராண்டு முடிவதற்குள் வட வியட்நாமைப் பெரும்பஞ்சம் தாக்கியது. 1944, 45இல் இறந்தவர்கள் நான்கு இலட்சம் என்பார் உண்டு, இருபது இலட்சம் என்பார் உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு அது. அதே போர், அதே அரிசி. தாக் லாமின் தெருக்களில் அடுத்து என்ன கிடந்தது என்பதை எண்ணிக்கொண்டு அந்நூலைப் பற்றிப் பேசும்போது, அதன் இனிமை நமக்குத் தொண்டையில் நிற்கிறது.

இனி, உள்ளபடியே எம்மை உறங்கவிடாத இருவரைப் பற்றி.

முதல்வர் நுயென் துவான். வியட்நாமிய உரைநடையின் பேராசான்களுள் ஒருவர். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபின் வடக்கிலேயே தங்கிப் புதிய அரசோடு நின்றவர். 1956இல் ஹனோயில் எழுத்தாளர் சிலர் கூடிக் கருத்துரிமை வேண்டி 'ஞான் வான்' என்ற இதழைத் தொடங்கினர். மானுடம் என்று பொருள்படும் பெயர். ஐந்து இதழ்கள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அரசு அதை நிறுத்தியது. தொடர்ந்து விசாரணைகளும் கண்டனங்களும் வேலை நீக்கங்களும் சிறையும். அந்தச் சூழலில், 1957இல், நுயென் துவான் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பு 'ஃபோ'. அவ்வளவுதான்.

ஆனால் அது போதுமானதாக இருந்தது. போரில் வென்று நாட்டைக் கட்டியெழுப்பும் காலத்தில் ஒரு மூத்த எழுத்தாளர் கிண்ணத்துச் சாற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதா? தனிமனிதச் சுவையில் திளைப்பது எந்த வர்க்கத்தின் மனப்பான்மை? கேள்விகள் எழுந்தன. அடுத்த ஆண்டு, 1958இல், தம் பிழைகளை உணர்ந்ததாக அவர் பொதுவில் எழுத நேர்ந்தது. அந்தப் பிழைகளுள் இக்கட்டுரையும் ஒன்று.

எண்ணிப் பாருங்கள். கொடியை எதிர்த்தல்ல, கொள்கையை எதிர்த்தல்ல, சாற்றைப் புகழ்ந்து எழுதியதற்காக ஒரு படைப்பாளி மன்னிப்புக் கேட்கிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவியொருவர், "அப்படியானால் அவர்கள் அந்தக் கட்டுரையைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள், சார்" என்றார். விளக்கம் கேட்டோம். "எல்லாரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்ற இடத்தில், எனக்கு இதுதான் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் அது அரசியல்தானே!" எமக்கு மறுமொழி தோன்றவில்லை. இன்று அக்கட்டுரை வியட்நாமில் போற்றப்படுகிறது. நுயென் துவான் 1987இல் மறைந்தார்.

இரண்டாமவர் வூ பாங். ஹனோயிலேயே பிறந்து வளர்ந்த இதழாளர். 1954இல் வடக்கிலிருந்து எட்டு முதல் பத்து இலட்சம் பேர் தெற்கே பெயர்ந்தபோது அவரும் சைகோன் சென்றார். மனைவி ஹனோயில். புரட்சியைக் கைவிட்டு ஓடிப்போனவர் என்று வடக்கில் அவரைப் பேசினார்கள். சைகோனில் இருந்துகொண்டு அவர் ஹனோயின் நல்லுணவுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1960இல் வெளிவந்தது. மாட்டு ஃபோவுக்கு ஓர் இயல், கோழி ஃபோவுக்கு ஓர் இயல். திரும்ப முடியாத ஊரின் தெருக்களை நாக்கினால் நடந்துபார்க்கும் நூல் அது. ஹனோயில் மனைவி 1967இல் இறந்தார். அவரால் போக முடியவில்லை. நாடு ஒன்றானபின்னும் ஐயப்பார்வையிலேயே வாழ்ந்து 1984இல் சைகோனில் காலமானார்.

2000ஆம் ஆண்டில் ஓர் உண்மை அதிகாரபூர்வமாக வெளிவந்தது. வூ பாங் ஓடிப்போனவரல்லர். வடக்கின் உளவுத்துறை அவரைத் தெற்கே அனுப்பியிருந்தது. முப்பதாண்டுக் காலம் அதை அவர் எவரிடமும் சொல்ல முடியவில்லை, சொல்லாமலே போனார். அவருடைய ஊர்நினைவு வேடமா, மெய்யா என்று இனி எவரும் கேட்கலாம். நமக்கு ஐயமில்லை. கடமைக்காகத் தெற்கே போனவர் யாராயினும், கடமைக்காக வெங்காயத்தாளின் மணத்தை அப்படி எழுத முடியாது.

தெற்கே போன ஃபோ அங்கே வேறு பிறவி எடுத்தது. 1954க்கு முன்பும் சைகோனில் ஃபோ உண்டு. ஆனால் அந்நகரத்தின் காலைக் கிண்ணம் 'ஹூ தியூ' என்னும் வேறொரு நூடுல்ஸ். வடக்கத்தியர் வந்தபின் தெருவுக்குத் தெரு ஃபோ. செழிப்பான தெற்கு, தன் வழக்கப்படி, ஒரு தட்டு நிறையப் பச்சிலைகளை அருகில் வைத்தது: முளைகட்டிய பயறு, திருநீற்றுப்பச்சிலையின் வகை, எலுமிச்சை, மிளகாய். சாற்றில் சற்றே இனிப்பு. போதாதென்று கறுப்பு இனிப்புக் குழம்பும் சிவப்பு மிளகாய்க் குழம்பும். வடக்கத்தியர் இதைக் கண்டு இன்றும் தலையில் அடித்துக்கொள்வர். உலகெங்கும் இன்று கிடைக்கும் ஃபோ பெரும்பாலும் இந்தத் தெற்கத்திய வடிவமே. 1975க்குப் பின் படகேறிய அகதிகள் கொண்டுபோனது அது.

வடக்கிலோ கிண்ணம் மெலிந்துகொண்டே வந்தது. தனியார் கடைகள் ஒடுங்கி அரசுக் கடைகள் வந்தன, பங்கீட்டு முறை, நீண்ட வரிசை. அமெரிக்க வான்தாக்குதல் நடந்த 1960களில் இறைச்சியே இல்லாத ஃபோவை அரசுக் கடைகள் விற்றன. ஹனோய் மக்கள் அதற்குப் 'ஓட்டுநர் இல்லாத ஃபோ' என்று பெயரிட்டார்கள். தலைக்குமேல் பறந்த அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானங்களின் பெயர் அது! குண்டு விழும் ஊரில், வெறுஞ்சாற்றைக் குடித்துக்கொண்டு இப்படி ஒரு பெயரை வைத்த அந்த முகமறியா நகைச்சுவையாளரைத் தூ மோவின் பக்கத்தில் அமரவைக்க வேண்டும். அக்கடைகளில் அலுமினியக் கரண்டிகள் களவு போகாதிருக்க நடுவில் துளையிட்டு வைத்தார்கள் என்று முதியோர் சொல்வதுண்டு. துளைக்கரண்டியால் சாறு குடிப்பது எப்படி? வேகமாக!

சைகோன் கதை வேறு. அங்கே 'ஃபோ பின்' என்று ஒரு கடை. 'பின்' என்றால் அமைதி. கீழே அமெரிக்கப் படையினரும் சாறு குடிப்பார்கள். மாடியில் வடக்கைச் சேர்ந்த கரந்துறை அணியின் தலைமையிடம். 1968 சந்திரப் புத்தாண்டுத் தாக்குதலுக்கான கட்டளை அம்மாடியிலிருந்து சென்றது. தாக்குதலை அடுத்துக் கடை முற்றுகையிடப்பட்டது, உரிமையாளர் சிறைப்பட்டார். பிற்காலத்தில் அக்கட்டடம் வரலாற்றுச் சின்னமாயிற்று. 2000 நவம்பரில் அதே நகரத்துக்கு வந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், பென் தான் சந்தைக்கு அருகில் வேறொரு கடையில் ஃபோ உண்டார். செய்தியாளர்களுக்கு அது படம். முப்பத்திரண்டாண்டுத் தொலைவு நமக்கு.

தமிழருக்கு இக்கதையில் இடமுண்டா என்று வாசகர்கள் கேட்பீர்கள். சைகோனில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகளும் தண்டாயுதபாணி கோயிலும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடிமக்களாகச் சென்ற அலுவலர்களும் பலரறிந்த செய்தி. அவர்கள் வழியாகத் தென் வியட்நாமியச் சமையலில் 'கா ரி' என்று நம் கறி புகுந்தது. அவர்கள் திரும்பியபோது புதுச்சேரிக்குச் 'சாயோ' என்ற பெயரில் அவ்வூர்ப் பொரித்த சுருள் வந்தது. ஃபோ ஏன் உடன் வரவில்லை? தமிழர் மிகுதியாக இருந்தது சைகோன். ஃபோ அங்கே செழித்தது 1954க்குப் பின். அவர்களுள் பலர் மூட்டை கட்டத் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். எதிரெதிரே வந்த இரு பயணங்கள் ஒன்றையொன்று தவறவிட்டன என்பது எம் ஊகம். மாட்டிறைச்சியும் ஒரு காரணம் என்று ஐயா சொன்னார். அதையும் மறுப்பதற்கில்லை.

கடைக்காரப் பெண்மணியை அங்கிருந்தோர் எல்லாரும் 'சி ஓய்' என்று அழைத்துக்கொண்டிருந்தனர். 'அக்கா' என்று பொருள். வியட்நாமியத்தில் 'நீ', 'நான்' என்று வெறுமனே பேசுவது அரிது. அக்கா, அண்ணன், தம்பி, பாட்டி என்று உறவிட்டே பேச வேண்டும். அது தெரிந்த கணத்திலிருந்து அந்தக் குட்டை முக்காலி எங்களுக்கு வசதியாகிவிட்டது. ஐயா அவரை 'அக்கா' என்று அழைத்ததில் மட்டும் ஒரு சிக்கல்: ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது, அப்பெண்மணிக்கு நாற்பதிருக்கலாம். சுற்றியிருந்தோர் சிரித்துத் திருத்தினார்கள். தங்கைக்கு வேறு சொல்.

கருத்தரங்கில் அறிமுகமான உள்ளூர் ஆய்வாளரிடம் வரலாற்று நண்பர் கேட்டார்: "முடிவாக, ஃபோ யாருடையது? ஹனோயா, நாம் டின்னா?" அவர் நெடுநேரம் யோசித்து, "எங்கள் அம்மா நாம் டின். அப்பா ஹனோய். வீட்டில் இதைப் பேசுவதில்லை" என்றார். அடுத்த ஆண்டு, 2024 ஆகஸ்டில், வியட்நாமின் பண்பாட்டு அமைச்சகம் ஹனோய் ஃபோவையும் நாம் டின் ஃபோவையும் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் ஒரே நேரத்தில், தனித்தனியாகச் சேர்த்தது. அரசும் வீட்டில் அதைப் பேசுவதில்லை போலும்.

மறுநாள் கருத்தரங்கு சற்றுத் தாமதமாகத் தொடங்கியதால், ஒன்பதரை மணிக்கு மீண்டும் அந்தக் கடைக்குப் போனோம். வரிசை இல்லை. முக்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தங்கை அண்டாவைக் கவிழ்த்து, தெருக் குழாயடியில் வைக்கோல்போன்ற எதனாலோ தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை விரித்துக் காட்டி, நாளைக்கு என்பதுபோல் ஏதோ சொன்னார். மறுநாள் எங்களுக்கு விமானம்.